வாய் நிறையத் திராட்சை

நான்காவது மணியோசைக்கே மேலாளரின் கன்னங்கள் இரண்டும் உப்பிவிட்டன.

இன்னும் எட்டுத் திராட்சை பாக்கி.

அவள் தன் கிண்ணத்தைத் தொடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் முப்பத்தொன்று. வேலை நாள்தான். ஆனாலும் சரக்கு அனுப்பும் அந்த அலுவலகம் மொத்தமும் நுங்கம்பாக்கத்து ஸ்பானிய உணவகத்தில், ஒரே நீள மேசையில், மடியில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்திருந்தது. எல்லாம் மேலாளர் சந்திரமௌலியின் ஏற்பாடு.

சந்திரமௌலி பார்சிலோனாவில் ஐந்து நாள் இருந்தவர். அதில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். மிச்ச நாட்களை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டுகிறார்.

சூப் ஜில்லென்று வந்தது. "அங்கல்லாம் அப்படித்தாம்மா" என்றார். மஞ்சள் சோறு அகல இரும்புச் சட்டியோடு வந்தது. "பாயேயா" என்று உதட்டைக் குவித்துச் சொல்லிக் காட்டினார்.

"குஸ்காவுல எறாவப் போட்ட மாதிரி இருக்கு சார்" என்றார் கணக்குப் பிரிவு கோதண்டம்.

கோதண்டம் போன வருடம் மூல ஆபரேஷனுக்கு லீவு கேட்டவர்.

காரணம் சொல்லாமல் சந்திரமௌலி யாருக்கும் லீவு தந்ததில்லை. சொன்ன காரணத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டதும் இல்லை. இன்றைக்கும் உள்ளே நுழைந்தவுடனே, "தம்பி, இவருக்கு மட்டும் ஒரு குஷன்" என்று பரிமாறுபவரிடம் சத்தமாகச் சொன்னார். மேசை சிரித்தது. கோதண்டமும் சிரித்தார். வேறென்ன செய்வார்?

அவளுக்கு வருகிற திங்கட்கிழமை வேண்டும். கேட்டிருந்தாள். சொந்த வேலை என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"அப்படி என்னம்மா ஊர்ல இல்லாத சொந்த வேலை? உனக்குக் கல்யாணமா?"

"இல்ல சார்."

"அப்புறம்? வாயத் திறந்து சொன்னாத்தானே லீவு."

சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குஷன் அம்மாவுக்கு வந்துவிடும். அப்பா போய் இத்தனை வருடம் கழித்து, ஐம்பத்து நான்கு வயதில், திங்கட்கிழமை ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற அம்மாவுக்கு.

ஸ்பெயினில் புத்தாண்டு பிறக்கிறபோது, பன்னிரண்டு மணி ஓசைக்குப் பன்னிரண்டு திராட்சை தின்பார்களாம். வருகிற வருடம் அமோகமாக இருக்குமாம். உணவகம் அந்த நள்ளிரவைப் பகல் சாப்பாட்டுக்கு இழுத்து வந்திருந்தது. சந்திரமௌலி எழுந்து நின்று விதிகளை விளக்கினார். மணிக்கு ஒன்று. துப்பக்கூடாது. நடுவில் வாயைத் திறந்தால் வருடம் முழுக்க நஷ்டம்.

கடைசி இரண்டும் அவருடைய சொந்தச் சரக்கு என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பார்சிலோனாவில் என்ன திராட்சையோ. இங்கே வந்தது பன்னீர் திராட்சை. தடித்த தோல். உள்ளே கொட்டை.

மற்றவர்கள் விவரமாக மடித்துணிக்குள் துப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் எப்படித் துப்புவார்? விதி அவருடையது.

ஏழாவது மணி.

மீசை ஓரத்தில் கருஞ்சிவப்பாகச் சாறு. கண்ணில் நீர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வாய் இப்படி அடைபட்டு அவள் பார்த்ததே இல்லை.

வருகிற வருடம் போனால் போகட்டும்.

"சார், திங்கட்கிழமை எனக்கு லீவு வேணும்."

மேசை திரும்பியது.

"எங்கம்மாவுக்குக் கல்யாணம்."

எட்டாவது மணி அடித்தது. ஒருவர் கையும் கிண்ணத்துக்குப் போகவில்லை.

சந்திரமௌலியின் கை மட்டும் போனது. விதி என்றால் விதி.

அவருக்குள் ஒரு ஜோக் உருவாகி, தொண்டை வரை ஏறி, திராட்சைக்குப் பின்னால் வரிசையில் நின்றது. நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். "ம்ம்... ம்ம்" என்றார். மூச்சுக்குத் தவித்துத் தலை மேலும் கீழும் ஆடியது.

"குடுத்துட்டாரு!" கோதண்டம் மேசையைத் தட்டினார். "சார் சரின்னுட்டாரு! எல்லாரும் சாட்சி!"

கைதட்டல் கிளம்பியது. பக்கத்து நாற்காலி ஜெசிந்தா அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அடிப்பாவி, எங்கிட்டகூட மூச்சு விடலியே! அம்மா என்ன புடவைடீ?"

மிச்ச மணிகள் யார் காதிலும் விழவில்லை.

சந்திரமௌலி ஒருவழியாக விழுங்கினார். கொட்டை, தோல், ஜோக், எல்லாவற்றையும். தண்ணீர் குடித்தார். கைவிட்டுப்போன மேசையைப் பிடித்தாக வேண்டும்.

"அது சரி. இந்த வயசுல கல்யாணம்னா... பொண்ணு வீட்டு சார்புல யாரு முன்ன நிக்கிறது?"

சிரிப்புக்கு இடம் விட்டார்.

வரவில்லை.

"நான்தான் சார்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. பெண் வீட்டுப் பெரியவள். மூன்று சாட்சி, கையெழுத்து, சத்தம் போடாமல் வீடு திரும்புவது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து கல்யாணத்துக்கு அழைக்கக் கூடாது. எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் கை கூப்பினாள்.

"கோதண்டம் அண்ணா, திங்கட்கிழமை காலைல. அண்ணியையும் கூட்டிட்டு வரணும். அவசியம்."

கோதண்டம் எழுந்து நின்று கை கூப்பினார். அடுத்து டெஸ்பாட்ச் பிரிவு மும்தாஜ் அக்கா. அக்காவும் எழுந்தாள்.

சந்திரமௌலி அவர்களைவிட வயதில் இளையவர். மேசையோ நீளம்.

வாயைத் துடைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல், அவள் வருகிற பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.