பாலன் இல்லாத குடில்

"பாலன் எங்கே?"

நாத்தனார் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். கையிலிருந்த கேக் டப்பாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கூடத்து மூலையில் கிறிஸ்துமஸ் குடில் தயாராக இருந்தது. மாதா இருந்தார். சூசையப்பர் இருந்தார். கொம்பு உடைந்த மாடும் வழக்கம்போல் ஓரமாக நின்றது. நடுவில் பாலன் இயேசு படுக்க வேண்டிய வைக்கோல் மட்டும் வெறுமனே கிடந்தது.

எல்லாம் மாமனார் செதுக்கியவை. தச்சு வேலையில் நாற்பது வருஷம். மூத்தவளான இந்த நாத்தனார் பிறந்த வருஷம்தான் விரல் நீளத்துக்குப் பாலனைச் செய்தாராம். அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணி செபத்தில், வீட்டுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் கையால்தான் பாலனைக் குடிலில் வைக்க வேண்டும்.

போன வருஷம் புது மருமகள் வைத்தாள்.

இந்த வருஷம் வைக்க வேண்டியவன் அக்டோபரில் பிறந்தான். மூன்றே நாள் இருந்தான்.

"அப்பா! பாலனைக் காணோமே?" என்று நாத்தனார் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இந்த வருஷம் அந்தப் பாலன் கிடையாது." பட்டறையிலிருந்து பதில் வந்தது.

"ஏன்ப்பா?"

"கிடையாதுன்னா கிடையாது."

அவ்வளவுதான். மனிதர் வார்த்தையையும் ஆணியையும் வீணாக்க மாட்டார்.

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"குழந்தை தங்காத வீட்டுல பாலன் எதுக்குன்னு நினைக்கிறார்போல. பெரியவங்க அப்படித்தான். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதேம்மா."

வெச்சுக்காதே என்றால் ஆயிற்றா? மருமகள் மனசில் இரண்டு மாதமாக அதுதானே ஓடிக்கொண்டிருந்தது.

தையல் போட்ட வயிற்றோடு ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மாமனார்தான் வந்து குழந்தையைத் துணியோடு வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பெட்டியும் அவரே செய்து, அடக்கமும் முடித்துவிட்டதாகக் கணவன் வந்து சொன்னான்.

அன்றிலிருந்து அவர் இவள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிடுவார், பட்டறைக்குப் போய்விடுவார்.

அவள் உள்ளே போய்ப் பையில் நாலு துணியைத் திணித்தாள்.

"இன்னைக்கா கிளம்புறே? விடிஞ்சா கிறிஸ்துமஸ்!" என்றான் கணவன்.

"அதுக்குத்தான். எங்கம்மா வீட்டுக் குடில்ல பாலன் இருக்கும்."

"நான் வேணா அப்பாகிட்ட கேட்டுப் பார்க்கிறேன்..."

"எப்ப? அடுத்த வருஷமா?"

அவன் தாடையைத் தடவிக்கொண்டு நின்றான். அப்பாவிடம் கேள்வி கேட்டே பழக்கமில்லாத பிள்ளை.

சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்று பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"மாமா, அம்மா வீட்டுக்குப் போறேன்."

உளி நின்றது. அவர் அவசரமாக ஒரு கோணிச் சாக்கை இழுத்து மேஜையில் இருந்ததை மூடினார்.

"ஆறு மணிக்குச் செபம் இருக்கே."

"பாலன் இல்லாத குடில் முன்னாடி என்ன செபம் மாமா?"

இந்த வீட்டுக்கு வந்து அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். உயர்ந்த குரல் பிறகு அடங்கவில்லை.

"போன வருஷம் நான்தானே வெச்சேன்? என் கை பட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு நினைக்கிறீங்க. அதுக்குத்தானே எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கீங்க? முகத்துக்கு நேரே சொல்லிடுங்க மாமா. கேட்டுட்டுப் போயிடறேன்."

சத்தம் கேட்டுக் கணவனும் நாத்தனாரும் ஓடி வந்தார்கள்.

அவர் நிமிர்ந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஒளிச்சு வைக்கலம்மா."

சாக்கை விலக்கினார்.

மரச்சீவலுக்கு நடுவே நாலு பாலன்கள் கிடந்தன. கை இருந்தது, கால் இருந்தது, சுற்றிய துணியின் மடிப்புகூட இருந்தது. ஒன்றுக்கும் முகம் இல்லை.

"ஆறு மணிக்குள்ள புதுசா ஒண்ணு முடிச்சு உன் கையில குடுத்துடணும்னுதான் பார்த்தேன். உடம்பு வந்துடுது. முகம் செதுக்க உக்காந்தா அவன் முகம்தான் வருது. உளி வைக்க மனசு வரமாட்டேங்குது. உன்னைப் பார்த்தாலும் அவன் முகம்தான்மா. அதான் பார்க்கிறதில்லை."

நாத்தனார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகள் தோளிலிருந்த பை தானாக நழுவியது.

"பழைய பாலன் எங்க மாமா?"

அவர் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார். இல்லாத தூளையும் தட்டினார்.

"பெட்டியை மூடப் போனேன். உள்ள ஒத்தையாப் படுத்திருந்தான். இருட்டுல பயந்துடுவானேன்னு, பாலனை அவன் பக்கத்துல துணைக்குப் படுக்க வெச்சுத்தாம்மா மூடினேன்."