மீன்கள் சொன்ன சாட்சி

மூன்றாவது உதையில் சங்கையாவின் விலா எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் அவனுக்கே கேட்டது.

குட்டையில் வளர்த்த கட்லா மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன.

பண்ணைக்காரர் சீனிவாசகத்துக்கு வேறு யார்மேலும் சந்தேகம் போகவில்லை. காவல்காரனாக இருந்த சங்கையாவை, அவன் பெண்டாட்டி கண்ணெதிரே செருப்பால் அடித்துத் துரத்தி நாலு நாள்தான் ஆகிறது. ஒரு மீன்கூட மிஞ்சாது என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவன், இப்போது விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை பார்க்கிறான். வெடிமருந்துக்கா பஞ்சம்?

பண்ணை ஆட்கள் நாலு பேரும் அவனை இழுத்து வந்து வேப்பமரத்தில் கட்டிவைத்துப் பின்னி எடுத்தார்கள். முன்பல் இரண்டு தெறித்தன. குட்டையில் எதையும் கலக்கவில்லை என்று பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்தான். சத்தியம் நிஜம்தான். யார் காதில் ஏறும்? கையை வெட்ட அரிவாள் வந்துவிட்டது.

அப்போதுதான் பர்ஹத் ஸ்கூட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆராய்ச்சிக்காக வாராவாரம் வந்து, மீன்களிடம் ஊசியில் ரத்தம் எடுத்துப் போகிற பெண்.

"வெட்டிராதீங்க! இது விஷமில்ல, சீக்கு. உடம்புல கிருமி புகுந்தா ரத்தத்துல ஒரு புரதம் ஏறும். இவர நீங்க விரட்டுறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துலயே அது தாறுமாறா ஏறிக் கெடக்கு."

ஒரு மீனை எடுத்துச் செதிலைச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே அழுகிய புண்.

சீனிவாசகத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை. கோபம் வந்தால் மிருகம், தப்பென்று தெரிந்தால் குழந்தை. தானே கட்டை அவிழ்த்தார், அழுதார். கிணற்றில் ஒரு வாளி இறைக்கச் சொல்லி, சொம்பில் மொண்டு சங்கையாவிடம் நீட்டினார்.

சங்கையா சொம்பை வாங்கினான். குடிக்கவில்லை.

கம்பெனியில் திருடிய மருந்து மூட்டையை நேற்று ராத்திரி அந்தக் கிணற்றில்தான் கொட்டியிருந்தான். விடியற்காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் குட்டைக்குப் போகும், மீன் சாகும் என்பது திட்டம். விடிய விடியக் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. மீன்கள் சீக்கில் செத்தன. மருந்து கிணற்றிலேயே இருந்தது.

அடித்துக் களைத்த நாலு பேரும் வாளியைச் சுற்றி நின்றார்கள். குடிக்கட்டும், குடித்துக் குடல் வெந்து சாகட்டும் என்று அவன் மனம் கொதித்தது.

சொம்பைச் சீனிவாசகத்திடமே திருப்பி நீட்டினான். "மொதல்ல நீங்க குடிங்க மொதலாளி."

அந்த வார்த்தையில் அவர் உருகிப்போனார். நல்ல மனசு வந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. மூச்சு வாங்க நின்ற பர்ஹத்திடம் சொம்பைக் கொடுத்தார்.

அவள் அண்ணாந்தாள்.

முறிந்த விலாவோடு சங்கையா பாய்ந்தான். சொம்பு எகிறிப் போய்க் கல்லில் விழுந்தது.

"குடிக்காத தாயி."

சீனிவாசகம் மெல்லத் திரும்பிக் கிணற்றைப் பார்த்தார்.