பேரைச் சொன்னால்தான் ஓடும்

"செவப்பு எழுத்துல என்னமோ வந்திருக்குடா குரு. நான் எதையும் தொடல!"

ஓசூர் பஸ்ஸில் நின்றபடி குரு போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அவசரத்தில் லேப்டாப்பை நல்லம்பள்ளி வீட்டிலேயே விட்டுவிட்டான். பத்து மணிக்கு டீம் லீடு மாதவராஜ் பெங்களூரில் இருந்தபடியே அதில் அவன் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பார். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் இந்த மாதத்தோடு சரி. மணி ஒன்பது நாற்பது.

"ஒன்னுமில்லம்மா, கிளாஸ்னு ஒரு புரோகிராமுத் துண்டு, அது கெடைக்கலன்னு சொல்லுது. ஒரு ஃபைல்ல பேரு இருக்கணும். புரோகிராமு அதப் படிச்சு, அந்தப் பேருள்ள கிளாஸத் தேடிக் கூட்டியாரும். அது மேல ஒட்டியிருக்கிற சீட்டப் படிச்சுச் சொல்லும். நேத்து பேர அழிச்சவன் திரும்ப எழுதாம விட்டுட்டேன்."

"எனக்குத் தட்டத் தெரியாதே கண்ணு."

"மைக் படத்த அமுக்கு, பேசுனா அதுவே தமிழ்ல எழுதிக்கும். போன ஸ்பீக்கர்ல போடு, நானே சொல்றேன். அர்ச்சுனன்!"

பஸ் ஹாரன் அலறியது.

"'அரிசி நாலு ஆணி'ன்னு எழுதியிருக்குடா." அம்மா காவேரி சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "அடப்பாவி, ஊர்ல இத்தன பேரு இருக்க, அவரு பேரா கெடச்சுது?"

"மொத மொத எழுதுன கிளாஸும்மா. வேற பேரு தோணல."

இன்னும் இரண்டு முறை கத்திப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர் திரும்பி முறைத்ததுதான் மிச்சம்.

"ஒரு எழுத்து மாறினாலும் வராதும்மா. நீயே சொல்லிடு."

"நானா? வாய் வராதுடா. ஓட்டுப் போடப் போனப்பகூட அட்டையத்தான் நீட்டுனேன், பேரச் சொல்லல. பக்கத்து வூட்ல யாரையாச்சும் கூப்பிடட்டா?"

"கூப்பிடேன்."

வாசல் வரை போய் வந்தாள். "தெருவே தக்காளி பறிக்கப் போயிருக்கு."

பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கேட்டே வளர்ந்தவள் அவள். குருவுக்கும் அது தெரியும். மணி ஒன்பது ஐம்பத்து மூன்று.

"அம்மா, என் வேலையே போயிடும்மா."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, கோயிலில் பேசுவதுபோல மெதுவாக வந்தது.

"அர்ச்சுனன்."

"வந்துடுச்சா? பச்ச பட்டன அமுக்கு!"

"'நாலரை மணி'ன்னு வருதுடா."

குரு கண்ணை மூடித் திறந்தான். வேலை தப்பித்தது. "அதாம்மா நான் ஒட்டுன சீட்டு. அப்பா தோட்டத்துக்குக் கெளம்புற நேரம்."

'நாலரை மணி' என்று அவள் தனக்குத்தானே முணுமுணுப்பது கேட்டது.

"அம்மா?"

"இன்னொரு தடவ சொல்லட்டுமாடா?"

"வேணாம்மா, அதான் ஓடிடுச்சே."

"அதுக்கில்லடா." அவள் குரல் உடைந்தது. "சொன்னா ஆயுசு கொறஞ்சிடும்னு இருபத்தாறு வருசம் வாயப் பொத்திக்கிட்டிருந்தேன். போன தையில, அவரு உசுரு போற அன்னிக்காவது பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிட்டிருந்தா, திரும்பிப் பாத்திருப்பாரோ என்னமோ."