பானைக் கழுத்தில் பதினேழு பட்டைகள்

தூத்துக்குடி உப்பளத்தில் பதினேழு பெண்களின் கையிலும் பல்கலைக்கழகம் ஆய்வுக்காகப் பட்டை கட்டியிருந்தது. உடம்பு கொதித்தால் அது சிவக்கும். சிவந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் ஆய்வாளர் கயல்விழி கிளம்பியதும் எல்லாரும் பட்டையைக் கழற்றி, கொட்டகை நிழலில் இருக்கும் தண்ணீர்ப் பானையின் கழுத்தில் கட்டிவிடுவார்கள். மூன்று வருஷமாக ஒன்றுகூடச் சிவக்கவில்லை. பானைக்கு என்றைக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது?

இன்று கயல்விழி சொல்லாமல் கொள்ளாமல் இனிப்போடு வந்தாள்.

"நல்ல சேதி, முத்துக்கனி அக்கா! உங்க உடம்பெல்லாம் வெயிலுக்குப் பழகிடுச்சுன்னு அறிக்கை குடுத்துட்டோம். அம்பது டிகிரியிலயும் வேலை பாக்கலாமாம். நாளையிலேருந்து எந்த உப்பளத்துலயும் மத்தியான ஓய்வு கிடையாது."

முத்துக்கனி வாய் திறக்குமுன் பாத்தியிலிருந்து கூச்சல் கேட்டது. அவள் தங்கை செல்லக்கனி உப்பின்மேல் குப்புற விழுந்து கிடந்தாள். கயல்விழி ஓடிப்போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

"இவங்க பட்டை எங்கக்கா?"

முத்துக்கனி பானையிலிருந்து ஒரு பட்டையை அவிழ்த்து வந்து தங்கையின் கையில் கட்டினாள்.

மூன்று வருஷத்தில் முதன்முறையாக ஒரு பட்டை சிவந்தது.