கரகோஷத்துக்கு அர்த்தம்

மேடையில் இருந்த சோடா பாட்டிலுக்கு எரிச்சல் தாங்கவில்லை. சிறப்புப் பேச்சாளர் ஏகாம்பரநாதர் இரண்டு மணி நேரமாக மைக்கை விடவில்லை. அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் கூட்டம் கைதட்டியது.

"கேட்டாயா கரகோஷத்தை? எல்லாம் என் குரலுக்கு," என்று பூரித்தது மைக்.

"போதும், உட்காருய்யா என்று தட்டுகிறார்கள். அதுகூடத் தெரியவில்லையா உனக்கு?" என்றது பாட்டில்.

"மூடி போட்ட வாய்க்குப் பேச்சைப் பற்றி என்ன தெரியும்?"

பேச்சாளருக்கும் மைக்கின் புத்திதான். "உங்கள் கரவொலியைக் கேட்டால் முடிக்க மனமே வரவில்லை," என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பொறுத்துப் பார்த்த மைக்செட்காரர் வயரைப் பிடுங்கினார். மைக் ஊமையானது. கூட்டம் எழுந்து நின்று, பந்தலே அதிரும்படி கைதட்டியது.

"இப்போது கேட்கிறதே, இதற்குப் பெயர்தான் கரகோஷம்," என்றது பாட்டில்.