நாலு லெஃப்ட்

உத்தமன் என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். இப்போது அவன் தன் பழைய வெள்ளைக் காரை ஒரு டீச்சர் தலையில் கட்டக் கிளம்பியிருக்கிறான்.

காருக்குப் பதினேழு வயது. வலது பக்கம் திருப்பினால் ‘ஊ...’ என்று ஊளை. பின் சீட்டில் ஆள் ஏறினால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் டயர் உரசி ‘சர்ரக்’. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம். போன தடவை, “மாப்ள வர்றது வாணியம்பாடியிலயே கேட்டுச்சு” என்று மச்சான் நாலு பேர் முன்னால் சிரித்ததை உத்தமன் மறக்கவில்லை. மனைவி மகாவோ, “இந்த வண்டியில வர்றதா இருந்தா நான் பஸ்ஸுல போறேன்” என்று சொல்லிவிட்டாள்.

பெங்களூர் மர்பி டவுன் மெக்கானிக் ஆம்ப்ரோஸ் போன வாரமே ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று ஆடியது.

“லெஃப்ட் பேரிங் அவுட்டு. ரைட்ல திருப்பினா வெயிட்டெல்லாம் லெஃப்ட் வீல் மேல வருது, அதான் கத்துது. லெஃப்ட்ல திருப்பினா கம்முனு இருக்கும். நேராப் போறப்ப முப்பதைத் தாண்டினா தெரியும். யாரு இவ்ளோ பெரிய டயர் போட்டது, அதான் பின்னாடி உரசுது. எல்லாம் மாத்திடலாமா?”

“வேணாம்ணே. எந்தப் பக்கம் கம்முனு இருக்கும்னு சொன்னீங்களே, அது போதும்.”

ஆம்ப்ரோஸ் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நல்லா வருவே” என்றார்.

காக்ஸ் டவுன் குளோரியா டீச்சரிடம் ஒரு பெரிய நீலக் கார் இருந்தது. தெரு குறுகல், நிறுத்த இடமில்லை, சின்னக் கார் கிடைத்தால் வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ளத் தயார் என்று சொல்லியிருந்தார். உத்தமனுக்கு வேறென்ன வேண்டும்?

டீச்சர் வெள்ளைக் காரின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அவர் தங்கை பின்னால் ஏற வந்தாள்.

“சீட்டெல்லாம் இப்பத்தான் கழுவினது, ஈரம்” என்று உத்தமன் கதவை மூடினான். “லெஃப்ட் எடுங்க டீச்சர். ரைட்ல ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க.”

பெங்களூரில் இதை யார் சந்தேகப்படுவார்கள்? முப்பதைத் தாண்டத்தான் யாரால் முடியும்? நாலு லெஃப்ட். வண்டி பூனை மாதிரி வாசலுக்கே வந்து நின்றது.

“சத்தமே இல்லையே தம்பி. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்றார் டீச்சர், முகமெல்லாம் மலர்ந்து.

உத்தமனுக்கு ஒரு நொடி மனசு உறுத்தத்தான் செய்தது. மச்சானின் சிரிப்பு ஞாபகம் வந்ததும் சரியாகிவிட்டது.

“என் வண்டியையும் ஓட்டிப் பாத்துடுங்க தம்பி. அப்படியே எனக்கும் ரெண்டு வேலை முடிஞ்சிடும்.”

தோண்டிப் போட்ட ரோட்டை இருவருமே மறந்துவிட்டார்கள். ரைட்டில் திரும்பினால் சர்ச், அங்கே ஒரு கவர் கொடுக்க வேண்டும். அடுத்த ரைட்டில் இட்லி மாவுக் கடை. அதற்கடுத்து டெய்லரிடம் ரவிக்கை. டீச்சர் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினான் உத்தமன். ஏமாறப் போகிறவருக்கு இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி? ஏசி ஜில்லென்று வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டான்.

இருவரும் வண்டிப் பெயர் மாற்றும் பாரங்களில் கையெழுத்துப் போட்டார்கள். டீச்சர் அவனுக்காகக் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம்கூடச் செய்தார்.

நீலக் கார் நேர் ரோட்டில் டிராஃபிக்கோடு மெல்ல மிதந்தது. மச்சான் மூஞ்சி போகிற போக்கை நினைத்து விசிலடித்துக்கொண்டே அல்சூர் பக்கம் முதல் லெஃப்ட் எடுத்தான்.

‘ஊ...’

நேராக ஆம்ப்ரோஸ் ஷெட்டுக்கு விட்டான். அவர் ஜாக்கியை எடுக்கவில்லை. டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ரைட் பேரிங்” என்றார்.

“பாக்காமலே எப்படிண்ணே சொல்றீங்க?”

“முந்தாநேத்து குளோரியா டீச்சர் இதே வண்டியக் கொண்டாந்தாங்க. மாத்திடலாமான்னு கேட்டேன்.” ஒரு மடக்கு டீ குடித்தார்.

“வேணாம் ஆம்ப்ரோஸ், எந்தப் பக்கம் கம்முனு இருக்கும்னு மட்டும் சொல்லுன்னாங்க.”