எதிர்த்தரப்பு வக்கீல்

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சும் எதுக்குச் சிரிக்கிற? பக்கத்துல இருக்கறவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

கணவர் காதோரம் கிசுகிசுத்தார். டாக்டரம்மா கோர்ட்டு ஹாலில் பார்வையாளர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தைக் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய சின்ன மருத்துவமனையில் தீப்பிடித்திருந்தது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் ஆபரேஷன் தியேட்டரும், அதிலிருந்த கருவிகளும் கரிக்கட்டையாகிவிட்டன. வயரிங் சரியில்லை என்று ஒரு சாக்கைச் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்கு வந்தால், 'இந்த வழக்கே இங்கே செல்லாது' என்று கம்பெனி மனுப் போட்டது. பாலிசியில் ஒரு விதி இருந்தது. தகராறு வந்தால் கோர்ட்டுப் படியேறக் கூடாது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு நடுவரிடம்தான் போய் முறையிட வேண்டும்.

அந்த மனுவுக்காக வாதாட வந்திருந்தவள் ஓர் இளம்பெண். வக்கீல் கோட்டில் இன்னும் கடைவாசம்கூடப் போயிருக்காது.

அவள் பேசி முடித்ததும் டாக்டரம்மாவின் வக்கீல் எழுந்தார். பழம் தின்று கொட்டை போட்டவர். கணவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"கனம் நீதிபதி அவர்களே! கடைசிப் பக்கத்துல, எறும்பு சைஸ் எழுத்துல ஒரு விதி. என் கட்சிக்காரருக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லலை. அவங்க நாளெல்லாம் ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கறவங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டினாங்களோ, அங்க போட்டுட்டாங்க. அதைக் காட்டிக் கோர்ட்டுக் கதவைச் சாத்தறது அநியாயம்!"

"அப்படிப் போடு!" என்று முணுமுணுத்தார் கணவர்.

இளம் வக்கீல் மறுபடி எழுந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை. கடைசி பெஞ்சில் தூங்கிவழிந்துகொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்கு. ஒரே ஒரு கேள்விதான். ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிகிட்ட சம்மதக் கையெழுத்து வாங்கறாங்க. நாளைக்கு அந்த நோயாளி வந்து, 'எழுத்து பொடியா இருந்துச்சு, படிக்காம போட்டுட்டேன், அந்தக் கையெழுத்து செல்லாது'ன்னு சொன்னா, டாக்டர் ஒத்துப்பாங்களா?"

ஹாலே சிரித்தது. நீதிபதி புன்னகையை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணவரின் முகம் கடுகடுத்தது. டாக்டரம்மாவோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

நீதிபதி அதிகம் யோசிக்கவில்லை.

"விதி தெளிவா இருக்கு. ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நடுவர்கிட்டதான் போகணும். ஆனா ஒண்ணு, கம்பெனி தனக்கு வேண்டிய ஆளை நடுவரா உக்கார வைக்கக் கூடாது. இழுத்தடிக்கவும் கூடாது."

வராந்தாவுக்கு வந்ததும் கணவர் பொரிந்து தள்ளினார்.

"இனிமே எல்லாம் முதல்லேருந்து! வேலை இல்லாம வீட்ல உக்காந்திருக்கிற நர்சுங்களுக்கு யார் பதில் சொல்றது? நீ என்னடான்னா அந்தப் பொண்ணுக்குக் கைதட்டாத குறை!"

"நல்லா பேசினா இல்லீங்க? ஒரு இடத்துல மூச்சு வாங்கலை. ஒரு எழுத்து நசுங்கலை."

"யாருக்கு நல்லா பேசினா? நம்ம தலையிலதானே கல்லைப் போட்டா!"

அதற்குள் அந்தப் பெண்ணே அவர்களைத் தேடி வந்துவிட்டாள். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டாக்டர், நான் அப்படிக் கேட்டதைத் தப்பா எடுத்துக்காதீங்க. தொழிலு..."

"இதுல தப்பா எடுத்துக்க என்னம்மா இருக்கு? உன் வேலையை நீ சுத்தமா செஞ்சே. இவ்வளவு நேரம் பேசினியே, தொண்டை வலிக்கலையா?"

அவள் சிரித்தாள்.

"எனக்கா? நாள் பூரா பேசினாலும் ஒண்ணும் ஆகாது டாக்டர். பிறந்தப்பவே ஊரைக் கூட்டற குரலாம். எங்கம்மா பார்க்கறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போவாங்க."

டாக்டரம்மா ஒரு கணம் அவளையே பார்த்தார்.

"சொல்லட்டும்மா. பெருமைப்பட வேண்டிய குரல்தான். நல்லா இரு."

அவள் கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டையைக் கழற்றிக்கொண்டே படியிறங்கிப் போனாள். தொண்டைக்குழிக்குக் கீழே ஒரு பழைய தழும்பு நூலிழையாகத் தெரிந்தது.

"கம்பெனிக்கு வக்காலத்து வாங்கற பொண்ணுகிட்ட என்ன கொஞ்சல்? இதுல கண்ணு வேற கலங்குது!" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லீங்க. வாங்க, நடுவர் யாருன்னு பார்ப்போம். நம்ம பக்கம் நியாயம் இருக்கு, எங்க போனாலும் ஜெயிப்போம்."

காலையில் கோர்ட்டு குமாஸ்தா அந்த இளம் வக்கீலின் அபூர்வமான பெயரை வாசித்தபோதே டாக்டரம்மாவுக்குத் தெரிந்துபோயிருந்தது. பெற்றவளே மகளிடம் மறைத்திருப்பதை அவர் எப்படிச் சொல்வார்? அழுதால்கூடச் சத்தம் வராமல், வாயை மட்டும் திறந்து திறந்து மூடிய அந்தக் கைக்குழந்தையின் தொண்டையை அறுத்துச் சரிசெய்து, ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி முதன்முதலாக வீறிட்டு அழவைத்தவை அவருடைய கைகள்தான்.